ஊர்க் காற்று ஒன்று, அடுக்களைக் காற்று வேறு: நெல்லைக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

சமூக மருத்துவத் துறையில் முப்பது வருடம் பாடம் எடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். அந்த வருடங்களில் பாதி நாள் வகுப்பறையில் இருந்ததில்லை. கணக்கெடுப்புத் தாளும் காற்றளக்கும் கருவியுமாக வீடு வீடாகத்தான் அலைந்திருக்கிறேன். காற்று மாசு, வெயில், நோய் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

கேள்வி (பாளையங்கோட்டை, பள்ளி ஆசிரியை): டாக்டரம்மா, நாட்டிலேயே சுத்தமான காற்று திருநெல்வேலியில்தான், காற்றுத் தரக் குறியீடு 33 என்று 2025 ஜனவரியில் செய்தி வந்தது. ஆனால் என் அம்மாவுக்கு வருடம் முழுக்க இளைப்பு. வீட்டில் யாரும் பீடி, சிகரெட் தொட்டதில்லை. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம் தங்கச்சி. வடகிழக்குப் பருவமழை தூசியைக் கழுவிவிட்டுப் போன பருவம் அது. நமக்குப் பெரிய தொழிற்சாலைக் கூட்டமும் இல்லை. அதனால் அந்த எண்ணில் வியப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அது கருவி நிற்கும் இடத்துக் காற்று. உங்கள் அம்மா எங்கே நின்று மூச்சு விடுகிறார் என்பதுதான் என் கேள்வி.

குறியீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பி.எம். 2.5 என்கிற நுண்துகள், தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். மூக்கு முடியில் சிக்காமல் நுரையீரலின் கடைசி அறை வரை போய்விடும். ஒரு கன மீட்டர் காற்றில் இது 30 மைக்ரோகிராம் வரை இருந்தால் நம் நாட்டுக் குறியீடு ‘நன்று’ என்று பச்சை நிறம் காட்டும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஒரு நாளைக்கு வைத்த வரம்பு 15. பச்சைக்குள்ளேயே இரண்டு மடங்கு அடங்கிவிடுகிறது, பாருங்கள்.

இனி அம்மா விஷயம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஊர்க் காற்றில் 20 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விறகடுப்பு எரியும் அடுக்களையில் 500 என்பது சர்வசாதாரணம். ஒரு பெண் 22 மணி நேரம் ஊர்க் காற்றிலும் 2 மணி நேரம் அடுப்பு முன்னாலும் இருந்தால், அவளுடைய அன்றைய சராசரி 60. நம் நாட்டுச் சட்டம் ஒரு நாளைக்கு அனுமதிக்கும் உச்சவரம்பும் அதே 60தான். இரண்டே மணி நேரம் அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

‘எங்கள் வீட்டில் கேஸ் இருக்கிறதே’ என்பீர்கள். கேஸ் உள்ள வீடுகளுக்கும் போயிருக்கிறேன். சோறு கேஸில் வேகும். புறவாசலில் குளிக்கிற வெந்நீருக்குத் தென்னம் மட்டையும் சில்லாட்டையும் எரிந்துகொண்டிருக்கும். ஊதுகுழலோடு முன்னால் குந்தியிருப்பது அந்த வீட்டு ஆச்சியாகத்தான் இருக்கும். ஒரு வீட்டில் ஆச்சியின் சேலைத் தோளில் சின்னக் கருவியைப் பொருத்திவிட்டு மறுநாள் கழற்றினோம். முந்தின நாள் எடை போட்டு உள்ளே வைத்த, தூசியைப் பிடிக்கும் வெள்ளை வடிதாள் கடுங்காப்பி நிறத்துக்கு வந்திருந்தது. ஆச்சி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுவா எனக்குள்ள போகுது?” என்று கேட்டார். அதற்கு மேல் நான் விளக்கம் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உங்கள் அம்மா இருபது, முப்பது வருடம் விறகில் சமைத்தவர் என்றால், அந்த இளைப்பு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாக இருக்கலாம். புகைபிடிக்காத பெண்களுக்கும் வரும். ஊதச் சொல்லிச் செய்யும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையைக் கேட்டுச் செய்யுங்கள். வெந்நீர் அடுப்பை அம்மாவிடமிருந்து இன்றைக்கே பிரித்துவிடுங்கள்.

கேள்வி (திசையன்விளை, கருப்பட்டித் தொழில்): அம்மா, பங்குனியிலிருந்து ஆடி வரை எங்கள் மைனி விடிலிக்குள்தான், பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசைக்குள்தான் கிடக்கிறார். கண் எரிச்சல், இருமல். விடிலியில் கேஸ் வைக்க முடியாது. அப்புறம் இந்த ஆராய்ச்சியால் எங்களுக்கு என்ன பயன்?

பதில்: நியாயமான கேள்வி, தம்பி. ஓலைக் கூரை தாழ்ந்திருக்கும், உடைமுள்ளும் பனை மட்டையும் புகைந்துகொண்டிருக்கும், பாகு பதம் வருகிற நேரத்தில் அந்த இடத்தை விட்டு நகரவும் முடியாது. சோற்றடுப்பைப்போல அரைமணியில் முடிகிற வேலை இல்லை. கேஸுக்குச் செலவழித்தால் கருப்பட்டி விலை கட்டாது என்பதும் எனக்குத் தெரியும்.

செய்யக்கூடியது இது. காற்று வரும் பக்கம் அடுப்பு வாயும் எதிர்ப்பக்கம் புகைபோக்கியும் இருக்கட்டும். கூரை உச்சியில் இரண்டடி திறப்பு வையுங்கள். விறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈர விறகுதான் அதிகம் புகையும். கிண்டுகிற வேலையை இரண்டு பேர் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கைக்குழந்தையைத் தூளி கட்டி உள்ளே போடாதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

ஆராய்ச்சியில் எனக்குச் சாதகமானதை மட்டும் சொன்னால் அது நேர்மை ஆகாது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நான்கு நாடுகளில் ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இந்தியப் பங்கு நம் தமிழ்நாட்டில்தான். பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசம். விறகிலேயே சமைத்தவர்கள் சுவாசித்த நுண்துகள் 70 மைக்ரோகிராம், கேஸ் கிடைத்தவர்கள் சுவாசித்தது 24. ஆனால் 2022இல் முடிவு வந்தபோது, குழந்தைகளின் பிறப்பு எடையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. எங்கள் துறையில் எல்லோருக்கும் ஏமாற்றம்தான். கர்ப்பம் தரித்துச் சில வாரம் கழித்துத்தான் அடுப்பு போய்ச் சேர்ந்தது, அதற்குள் காலம் கடந்துவிட்டதா என்று ஒரு சந்தேகம் உண்டு. 24 என்பதும் குறைந்த அளவு இல்லை. அடுப்பு ஒன்றை மட்டும் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் இப்போது சொல்வதில்லை. புகை குறைந்தால் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் நல்லது என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை.

கேள்வி (மேலப்பாளையம், பீடி சுற்றுபவர்): அஞ்சு மாதம் கர்ப்பம். வீட்டுக்குள்தான் பீடித் தூள் போட்ட சொளவோடு (முறம்) உட்கார்ந்திருக்கிறேன், வெளியே போவதே இல்லை. காற்று மாசு என்னை என்ன செய்யும்?

பதில்: தாயி, முதலில் அந்தத் தூள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சோற்றில் கை வைக்காதே. புகையிலைச் சத்து தோல் வழியாகவே உடம்பில் ஏறும். சொளவை ஜன்னலோரம் போட்டுக்கொள். தூளும் இலையும் வைத்திருக்கும் அறையில் படுக்காதே. முடிந்தால் பிரசவம் வரை வேறு வேலை பார்.

காற்றைப் பொறுத்தவரை, சென்னை ஸ்ரீராமச்சந்திரா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் குழந்தை எடையில் சராசரியாக 4 கிராம் குறைகிறது என்று 2018இல் வெளியிட்டார்கள். 4 கிராம் என்றால் ஒரு குழந்தைக்கு ஒன்றுமே இல்லை, பயப்படாதே. ஆயிரக்கணக்கான குழந்தைகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, எடை குறைவு என்கிற கோட்டுக்குக் கீழே விழுகிறவர்கள் கூடிவிடுகிறார்கள். இரும்புச் சத்து மாத்திரையை விடாதே, செக்கப்பைத் தவறவிடாதே. உனக்கு இப்போது அதுதான் முக்கியம்.

கேள்வி (கல்லூரி மாணவர், பேட்டை): மேடம், இறப்புச் சான்றிதழில் யாருக்கும் ‘காற்று மாசு’ என்று எழுதுவதில்லையே. பிறகு காற்றால்தான் செத்தார்கள் என்று எப்படிக் கணக்குச் சொல்கிறீர்கள்?

பதில்: நல்ல கேள்வி. 1952 டிசம்பரில் லண்டனில் ஐந்து நாள் புகைமூட்டம். அந்த நாட்களில் வழக்கமாக இறப்பவர்களைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று எண்ணினார்கள். முதலில் 4,000 என்றார்கள். பிறகு வந்த ஆய்வாளர்கள் அடுத்த மாதங்களையும் சேர்த்து 12,000 வரை சொன்னார்கள். தனி ஆளின் சான்றிதழில் தெரியாதது கூட்டத்தைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும்.

அமெரிக்காவில் ஆறு ஊர்களில் எட்டாயிரத்துச் சொச்சம் பேரைப் பதினைந்து வருடம்போலத் தொடர்ந்தார்கள். புகைப்பழக்கம், வயது எல்லாவற்றையும் கழித்த பிறகும், அழுக்கான ஊரில் இறப்பு விகிதம் சுத்தமான ஊரைவிட 26 சதவீதம் கூடுதல். 1993இல் வெளிவந்த இந்த ஆய்வை நீ தேடிப் படிக்க வேண்டும். நுண்துகளுக்குச் சட்டம் வந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

கேள்வி (ராதாபுரம் பக்கம், கல்குவாரித் தொழிலாளி): மூக்கில் துண்டு கட்டித்தான் வேலை செய்கிறோம். போதாதா?

பதில்: போதாது அண்ணாச்சி. துண்டு பெரிய தூசியைத்தான் தடுக்கும். கல்லை உடைக்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் பறக்கிற சிலிக்காத் துகள் துண்டு வழியாகப் போய்விடும். என்-95 முகக்கவசம் உதவும். அதைவிட உதவுவது தண்ணீர். துளை போடும்போதும் கிரஷரிலும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால் தூசி கிளம்பும் இடத்திலேயே அடங்கும்.

சிலிக்கோசிஸ் வந்தால் நுரையீரல் தழும்பாகிவிடும், திரும்பச் சரியாகாது. காசநோயும் சுலபமாகத் தொற்றும். இருமலோடு போய் ‘டி.பி.’ என்று மருந்து வாங்குகிறவர்கள், குவாரி வேலை செய்ததை டாக்டரிடம் சொல்வதே இல்லை. கட்டாயம் சொல்லுங்கள். எத்தனை வருடம் என்றும் சொல்லுங்கள். சிலிக்கோசிஸ் சட்டப்படி அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில்நோய். இழப்பீட்டுக்கு அந்தப் பதிவுதான் ஆதாரம்.

கேள்வி (ஆறுமுகநேரி, உப்பளத் தொழிலாளியின் மகன்): சித்திரை வெயில் தாத்தா காலத்திலும் உண்டு. இப்போது மட்டும் ஏன் பருவநிலை மாற்றம் என்கிறீர்கள்? அம்மாவுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு, அதற்கும் வெயிலா?

பதில்: இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், தம்பி. அம்மா பாத்தியில் நிற்கும் ஆறேழு மணி நேரத்தில் எத்தனை தடவை தண்ணீர் குடிக்கிறார் என்று கேட்டுப் பார். குடித்தால் ஒதுங்க இடம் வேண்டுமே என்று குடிக்காமலே இருக்கிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். மேலே வெயில், கீழே உப்பு பளபளத்துத் திருப்பி அடிக்கும் வெளிச்சம், சுற்றிலும் கடல் ஈரம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், ஈரக் காற்றில் அது காயாது. தமிழ்நாட்டில் ஏழு உப்பளங்களில் 352 பேரை அதே ஸ்ரீராமச்சந்திராவின் வித்யா வேணுகோபால் குழுவினர் ஆராய்ந்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வெப்ப வரம்பைத் தாண்டி வேலை செய்தார்கள். 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்திருந்தது. அம்மாவுக்குச் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துவிடு. தண்ணீர், நிழல், கழிப்பறை மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். கழிப்பறை இல்லாமல் தண்ணீர்ப் பானை மட்டும் வைத்தால் பெண்கள் குடிக்க மாட்டார்கள்.

அதே குழுவினர் கர்ப்பிணிகள் 800 பேரை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கரு கலைவதும் குழந்தை இறந்து பிறப்பதும் இரு மடங்கு என்று வந்தது. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

தாத்தா காலத்து வெயில் சுட்டதுதான், மறுக்கவில்லை. இப்போது ராத்திரியிலும் சூடு இறங்காத நாள் கூடுகிறது, பகலில் பட்ட வெப்பத்தை உடம்பு ஆற்றிக்கொள்ள முடியவில்லை. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைச் சுமக்கும். 2023 டிசம்பரில் உங்கள் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்படிப்பட்ட மழை மேலும் வலுக்கும் என்பதற்கு இது ஒரு காரணம். வெப்ப அலையைத் தமிழக அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. வெயிலில் மயங்கி விழுந்து ஒருவர் பிதற்றினால் முதலில் நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். 108க்கு இன்னொருவர் போன் செய்யட்டும். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

கேள்வி (கடையநல்லூர்): மழை இல்லாத காலத்தில் டெங்கு எப்படி?

பதில்: 2012இல் டெங்குவால் உங்கள் ஊர் பட்ட பாடு மறக்கக்கூடியதா? மழை இல்லையென்றால் குழாய்த் தண்ணீரைக் குடத்திலும் தொட்டியிலும் பிடித்து வைப்போம். ஏடிஸ் கொசுவுக்கு அதுதான் வேண்டும். சூடு கூடினால் கொசுவின் உடம்பில் வைரஸ் சீக்கிரமே முதிரும். வாரம் ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் காயவிடுங்கள். வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் சுவரில் ஒட்டிய முட்டை போகாது.

கேள்வி (அம்பாசமுத்திரம்): அப்போ கொசுவர்த்திச் சுருள்?

பதில்: வேண்டாம். ஒரு சுருள் எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்று 2003இல் ஓர் ஆய்வு வந்தது. வலை கட்டுங்கள்.

கேள்வி (வள்ளியூர்): என் மகள் பி.எஸ்ஸி. புள்ளியியல் படிக்கிறாள். இந்த மாதிரி ஆராய்ச்சிக்குப் போக வழி உண்டா?

பதில்: படித்து மனம் குளிர்ந்தது. சென்னை அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இருக்கிறது, பொது சுகாதாரத்தில் முதுகலை உண்டு. எங்களுக்கு டாக்டர்களைவிடக் கணக்குத் தெரிந்தவர்கள்தான் பற்றாக்குறை. அதுவரை சும்மா இருக்க வேண்டாம். உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் வெந்நீருக்கு விறகு, எந்த நேரத்தில் எரிகிறது, பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் என் வீட்டுக்கு வரட்டும், அந்த ஆச்சியின் வடிதாளை எடுத்துக் காட்டுகிறேன். இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.