காசைத் தேய்க்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். நான் செம்பூரில் இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது தாராவி, தொண்ணூறு அடி ரோடு பக்கம். திருநெல்வேலியிலிருந்து தோல் கிடங்கு வேலைக்கு வந்த எங்கள் தாத்தா சேர்த்து வைத்த காசுகள் அம்மாவிடம் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன, போன மாதம்தான் என் கைக்கு வந்தன. நூற்று நாற்பது இருக்கும். ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ஏழு, ஓட்டைக் காலணா நிறைய, நயா பைசா, தாமரை போட்ட இருபது பைசா. அண்ணன் தம்பிகளுக்குப் பிரித்துக் கொடுப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ள ஆசை. போனில் எடுத்தால் வெள்ளி ரூபாய் வெறும் வெள்ளையாக மின்னுகிறது, செம்புக் காசு கறுப்பு வட்டமாக வருகிறது. அத்தை, புளி போட்டுத் தேய்த்துவிட்டு எடு என்கிறார். தேய்க்கலாமா? நல்ல கேமரா வாங்க வேண்டுமா? ஓர் ஓட்டைக் காலணாவில் கறுப்புக் கயிறு கோத்தபடியே இருக்கிறது. அதை அறுத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டுமா?

அன்புடன்,
ஒரு வாசகி, செம்பூர்

அன்புள்ள தங்கச்சிக்கு,

தேய்க்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு. புளி வேண்டாம், எலுமிச்சை வேண்டாம், விபூதி வேண்டாம், பற்பசை வேண்டவே வேண்டாம். குத்துவிளக்கும் செம்புக் குடமும் தேய்க்கத் தேய்க்க அழகு, அத்தை அந்தக் கைப்பழக்கத்தில் சொல்கிறார், அவர்மேல் தப்பில்லை. காசு அப்படியில்லை. செம்பின் மேலிருக்கும் பழுப்பு அறுபது எழுபது வருடமாக மெல்லப் படிந்த ஒரு தோல். புளியின் அமிலம் அதைக் கரைத்துவிட்டால் அடியிலிருக்கும் செம்பு பச்சைப் புண் மாதிரி இளஞ்சிவப்பாக வெளியே வரும், நம் மும்பை ஈரத்தில் ஒரே மழைக்காலத்தில் திட்டுத் திட்டாகத் திரும்பக் கறுக்கும். வெள்ளி கறுப்பதும் அப்படித்தான், காற்றிலிருக்கும் கந்தகத்தோடு சேர்ந்து வரும் மெல்லிய படலம் அது. தேய்த்து எடுத்தால் படலத்தோடு வெள்ளியும் போகும்.

எனக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம். அப்பா கொடுத்த 1919-ம் வருட ரூபாய் ஒன்று இருந்தது. படம் பளிச்சென்று வர வேண்டும் என்று பழைய பிரஷ்ஷில் பற்பசை வைத்துத் தேய்த்தேன். கையில் வைத்துப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மன்னரின் கன்னத்திலிருந்து தாடிவரை மயிரிழைக் கீறல்கள், எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, என் கை போன வழியிலேயே. அந்தக் கீறல் இன்றும் இருக்கிறது, இனி எவராலும் எடுக்க முடியாது. உங்கள் ஏழு ரூபாய்க்கும் அது நேரக் கூடாது.

தூசி இருந்தால் ரப்பர் பம்பால் ஊதிவிடுங்கள், துணியால் துடைக்காதீர்கள். கையை உலர்த்திக்கொண்டு விளிம்பை மட்டும் பிடியுங்கள், மேசையில் ஒரு மெத்தென்ற துண்டு விரித்திருக்கட்டும். எதிலாவது வெளிர்பச்சையாக மாவு போலக் களிம்பு பூத்திருந்தால் அதை மட்டும் மற்றவற்றிலிருந்து பிரித்து உலர்ந்த இடத்தில் தனியாக வையுங்கள், அது பெருகக்கூடிய ரகம். பேங்க் லாக்கரிலிருந்தோ ஏசி அறையிலிருந்தோ எடுத்த காசை உடனே பிரிக்காமல் மூடிய டப்பாவிலேயே ஒரு மணி நேரம் விடுங்கள். இல்லாவிட்டால் வியர்த்துவிடும்.

கேமரா வாங்க வேண்டாம். உங்கள் போன் போதும், நிறுத்தும் விதம்தான் மாற வேண்டும். காசுக்குப் பக்கத்தில் போனைக் கொண்டுபோனால் போனின் நிழலே காசின்மேல் விழும், வட்டமும் கோணிப்போகும். ஓரடி உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, லென்ஸ் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி போனைப் படுக்கவைத்து, அதன்மேல் கனமாக இன்னொரு புத்தகத்தை வையுங்கள். இரண்டு மடங்கு ஜூம், மூன்று வினாடி டைமர். மிக அருகில் எடுப்பதற்கான மேக்ரோ முறைக்குத் தானாகத் தாவும் போனாக இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். போன் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க, காசு இருக்கும் இடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றை வையுங்கள், திரையின் நட்டநடுவில் லென்ஸின் பிம்பம் தெரிந்தால் சரி. காசை நேரே தாளில் வைக்காமல் மருந்து பாட்டில் மூடி ஒன்றின்மேல் ஏற்றி வைத்தால் நிழல் கீழே மங்கிவிடும், காசு மட்டும் தனியாக எழுந்து நிற்கும். அடியில் சாம்பல் நிறத் தாள் நல்லது. சிவப்பு வெல்வெட் வேண்டாம், வெள்ளியில் அந்தச் சிவப்பு ஏறிவிடும்.

இனி வெளிச்சம். உங்கள் ரூபாய் வெள்ளையாக மின்னுவதும் காலணா கறுப்பாக வருவதும் இதனால்தான். மேலே டியூப்லைட், பக்கத்தில் ஜன்னல், அதோடு போனின் ஃப்ளாஷ், மூன்றும் ஒன்றாக விழுகின்றன. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு மேசை விளக்கோடு ஆரம்பியுங்கள். விளக்குக்கும் காசுக்கும் நடுவில் பட்டர் பேப்பர் ஒன்றைப் பிடித்தால் வெள்ளியின் மினுமினுப்பு அடங்கும். திரையில் காசைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியப் பொத்தானைக் கொஞ்சம் கீழே இழுத்தால் மன்னரின் முகம் திரும்பி வரும். செம்புக்கு மேலே இழுங்கள். விளக்கு எப்போதும் இடது மேல் பக்கத்திலிருந்தே வரட்டும், ஏனென்றால் கீழிருந்து அடித்தால் நம் கண் ஏமாந்து மேட்டைப் பள்ளமாகவும் பள்ளத்தை மேடாகவும் பார்க்கும்.

தேய்ந்த காசுக்கு விளக்கை மேசை மட்டத்துக்கு இறக்கிவிடுங்கள். கோயில் சுவரில் கல்வெட்டுப் படிக்கிறவர்கள் உச்சிவெயிலில் ஒன்றும் தெரியாத எழுத்தைச் சாய்ந்த வெயில் வரும் வரை காத்திருந்து படிப்பார்களே, அதே வித்தை. விளக்கை அப்படியே விட்டுவிட்டு, மூடியோடு காசை மட்டும் மெல்லத் திருப்புங்கள். ஒரு திருப்பில் வருடம் எழும், இன்னொரு திருப்பில் எழுத்து எழும். வருடமே இல்லை என்று நீங்கள் ஒதுக்கிய காலணா ஒன்றிலாவது 1943 என்று வந்து நிற்கும் பாருங்கள், ஓட்டைக் காலணா அடிக்க ஆரம்பித்த வருடம் அது.

வெள்ளி ரூபாய்களை அவசரப்படாமல் எடுங்கள், அவற்றில் பார்க்க நிறைய இருக்கிறது. மன்னரின் மேலங்கியில் நெஞ்சுப் பக்கம் சின்னதாக ஒரு யானை இருக்கும். 1911-ல் வந்த முதல் ரூபாயில் அந்த யானையின் தும்பிக்கை குட்டையாக அமைந்து, பன்றி என்று ஜனங்கள் முணுமுணுத்து, அந்த ரூபாய்களைத் திரும்ப வாங்கி உருக்க வேண்டியதாயிற்று. 1912-லிருந்து யானையைத் திருத்தி அடித்தார்கள். விளக்கு தப்பான பக்கம் இருந்தால் திருத்திய யானையும் படத்தில் பன்றியாகிவிடும், அதனால் தும்பிக்கை தெளிவாகத் தெரியும் வரை காசைத் திருப்புங்கள். அப்புறம் பூப் பக்கம். அடியிலிருக்கும் தாமரை மொட்டுக்குக் கீழே கடுகை விடச் சிறிய ஒரு புள்ளி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பம்பாயில் அடித்தது, இல்லாவிட்டால் கல்கத்தா. பம்பாய் என்றால், ஃபோர்ட்டில், ரிசர்வ் வங்கிக்கு அருகே இன்றைக்கும் இருக்கிறதே, அதே நாணயச்சாலை. அங்கே அடித்த ரூபாய் தாராவிவரை வந்து உங்கள் தாத்தாவின் கைக்குக் கூலியாகச் சேர்ந்திருக்கலாம் என்று நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அந்தப் புள்ளி தெரியாத படம் எனக்குப் பாதிப் படம்தான். இருபது பைசாவிலும் வருடத்துக்கு அடியில் வைர வடிவம் இருந்தால் அதே பம்பாய் நாணயச்சாலைதான்.

ஒவ்வொரு காசுக்கும் தலை, பூ, விளிம்பு என்று மூன்று படம். ஒரு படத்திலாவது பக்கத்தில் ஸ்கேல் இருக்கட்டும். நகைக்கடைத் தராசு கிடைத்தால் எடையும் குறியுங்கள், ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் 11.66 கிராம், தேய்மானத்தில் சற்றுக் குறையலாம், நிறையக் குறைந்தால் போலி என்று சந்தேகப்படலாம். தாத்தா எதையாவது தாளில் மடித்து வைத்திருந்தால், அதில் அவர் கையெழுத்து இருந்தால், காசுக்கு முன்னால் அந்தத் தாளைப் படம் எடுங்கள். டின்னையும் எடுங்கள்.

படம் எடுக்க ஆரம்பிப்பதற்கு முன்பே போன் கேமராவில் இருப்பிடம் பதிவதை அணைத்துவிடுங்கள், குடும்பத்துக்கு அனுப்பும்போது வீட்டில் வெள்ளி இருக்கிறது என்ற செய்தியோடு வீட்டு முகவரியும் சேர்ந்து போக வேண்டாம். பழைய காசுக்கு லட்சம் தருகிறேன், முதலில் கமிஷன் கட்டு என்று யாராவது வந்தால் பேச்சே வேண்டாம். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லியே இந்த ஏமாற்று நடக்கிறது என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்தது.

கயிறு. அறுக்காதீர்கள். ஓட்டைக் காலணாவை நம் ஊரில் பிள்ளைகளின் அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டுவார்கள், தாராவிக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் கூடவே வந்திருக்கும். அது அம்மாவின் இடுப்பில் கிடந்ததா, மாமாவின் இடுப்பிலா, முடிச்சுப் போட்டது ஆச்சியா என்று அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், படம் நாளைக்கும் எடுக்கலாம். எடுக்கும்போது கயிற்றை நேராக்க வேண்டாம், கிடக்கிறபடியே கிடக்கட்டும். விளக்கை நன்றாகத் தாழ்த்தி, முடிச்சு தெரிகிற மாதிரி ஒன்று எடுத்து எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி