கேரேஜ் கேள்வி பதில்: ஸ்பிரிங்கர் மாட்டுறதுக்கு முன்னாடி டேப்ப எடுங்க

வணக்கம் சார். என்கிட்ட தண்டர்பேர்ட் 350 இருக்கு. பழைய அமெரிக்கன் சாப்பர் மாதிரி முன்னாடி ஸ்பிரிங்கர் ஃபோர்க் (முன்வீல தாங்குற, ஸ்பிரிங் வெளிய தெரியுற கால்) மாட்டணும்னு ரொம்ப நாள் ஆசை. ஆன்லைன்ல ரெடிமேட் செட் வருது, வாங்கி அப்படியே கழட்டி மாட்டிரலாமா?
- வாசகர், கோவை

அப்படியே உக்காராதுங்க. ஆன்லைன்ல வர்ற செட்டு பெரும்பாலும் ஹார்லி கழுத்துக்காக (ஃபிரேம்ல ஃபோர்க் மாட்டுற முன் குழாய்), 1 இன்ச் ஸ்டெம்மோட (அந்தக் குழாய்க்குள்ள போற தண்டு) செஞ்சது. உங்க வண்டியோட கோன் செட் (கழுத்து பேரிங்) அளவு வேற, கழுத்து உயரம் வேற, அதனால ஸ்டெம்ம லேத்ல புதுசா கடைஞ்சு போட வேண்டி வரும். ஆனா அது கூட சின்ன வேலை தான், நல்ல லேத்காரர் கிடைச்சா முடிஞ்சிரும். காசு கட்டுறதுக்கு முன்னாடி நீங்க பாக்க வேண்டியது ட்ரெயில்.

வண்டி கழுத்து வழியா ஒரு கோடு தரை வரைக்கும் இழுத்துப் பாருங்க. அந்தக் கோடு தரையைத் தொடுற இடம், டயர் தரையைத் தொடுற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி இருக்கும், இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற தூரம் தான் ட்ரெயில். வண்டி நேரா ஓடுறதுக்கும், குழியில விழுந்து எந்திரிச்சதும் ஹேண்டில் தானா நேராகுறதுக்கும் பெரிய காரணம் இது தான். ஒரு சைக்கிளோட சீட்ட மட்டும் பிடிச்சு தள்ளிட்டுப் போய், ஒரு பக்கம் சாய்ச்சுப் பாருங்க, ஹேண்டில் அந்தப் பக்கமே திரும்பும். அதுல ட்ரெயிலுக்கு பெரிய பங்கு உண்டு.

இப்ப கணக்குக்கு வருவோம். 90/90-19 டயருக்கு ஆரம் சுமார் 320 மி.மீ வருது. கழுத்து ரேக் (செங்குத்துலேர்ந்து கழுத்து சாய்ஞ்சிருக்குற கோணம்) 27 டிகிரி, ஃபோர்க் ஆஃப்செட் (கழுத்துக் கோட்டுலேர்ந்து ஆக்ஸில் முன்னாடி தள்ளி இருக்குற தூரம்) 50 மி.மீ-ன்னு வச்சுக்கிட்டா ட்ரெயில் சுமார் 107 மி.மீ, ஓட்ட நல்லா இருக்குற அளவு. லுக்குக்காக அதே ஆஃப்செட்டோட கழுத்த 35 டிகிரிக்கு சாய்ச்சீங்கன்னா ட்ரெயில் 163-க்குப் போயிரும், நேர் ரோட்டுல ஜம்முன்னு போகும், ஆனா காந்திபுரம் சிக்னல்ல மெதுவா திருப்பும்போது ஹேண்டில் கல்லு மாதிரி கனக்கும், ஒரு பக்கம் திரும்ப ஆரம்பிச்சா அந்தப் பக்கமே விழப் பாக்கும். 35 டிகிரியிலயும் ட்ரெயில் 110 பக்கம் வேணும்னா ஆஃப்செட் 93 மி.மீ வேணும். ஸ்பிரிங்கர்ல இந்த ஆஃப்செட்ட முடிவு பண்றது கீழ இருக்குற ராக்கரோட (அசையாத பின் காலையும் ஆக்ஸிலையும் இணைச்சு மேல கீழ ஆடுற சின்ன கை) நீளமும் அது நிக்கிற கோணமும். அதனால விக்கிறவங்ககிட்ட முதல்ல ராக்கர் அளவு கேளுங்க, சொல்லத் தெரியலன்னா அந்த செட்ட வாங்காதீங்க.

இன்னொண்ணு, நீளம். இப்ப இருக்குற ஃபோர்க்க விட புதுசு 50 மி.மீ நீளமா இருந்தாலே வண்டி மூக்கு தூக்கிக்கும், 1350 மி.மீ வீல்பேஸ் உள்ள வண்டிக்கு ரேக் கிட்டத்தட்ட 2 டிகிரி கூடிரும். நீங்க ஃபிரேம்ல கையே வைக்கலன்னாலும் ஜியாமெட்ரி மாறிரும். அளக்கும்போது ஆள் வண்டி மேல உக்காந்து, ஸ்பிரிங் அமுங்கின நிலைமையில அளக்கணும், ஸ்டாண்ட்ல நிக்கும்போது எடுத்த அளவு ரோட்டுக்கு உதவாது.

கழுத்த வெட்டி வெல்டிங் பண்ண பயமா இருக்கு. "5 டிகிரி சாய்ஞ்ச டீ (ஃபோர்க்க கழுத்தோட இணைக்கிற கிளாம்ப்) போட்டா போதும், ஃபிரேம தொட வேணாம், ஃபோர்க்கும் பழசே போதும்"னு எங்க மெக்கானிக் சொல்றார். செய்யலாமா?
- வாசகர், மதுரை

வேண்டவே வேண்டாம் தம்பி. இந்த மாடிஃபிகேஷன்லயே ரொம்ப ஆபத்தானது எதுன்னு கேட்டா நான் இதைத் தான் சொல்வேன். டீய சாய்ச்சா ஃபோர்க் தான் முன்னாடி போகுது, ஹேண்டில் திரும்புற அச்சு பழைய கோணத்துலயே நிக்குது. ஆக்ஸில் முன்னாடி போனா ஆஃப்செட் கூடிருச்சுன்னு அர்த்தம், ஆஃப்செட் கூடினா ட்ரெயில் குறையும். மேல சொன்ன அதே வண்டிக்கு 5 டிகிரி டீ போட்டா 107 மி.மீ ட்ரெயில் 40 பக்கத்துக்கு வந்துரும். பாக்க நீட்டமா, ஸ்டெடியா இருக்குற மாதிரி தெரியும், ஆனா 80 கி.மீ வேகத்துல ஒரு சின்ன பள்ளத்துல இறங்கினாலும் ஹேண்டில் ரெண்டு பக்கமும் படபடன்னு அடிக்க ஆரம்பிச்சுரும், அதுக்கப்புறம் பிடிச்சு நிறுத்துறது உங்க கையில இல்ல.

சாய்ஞ்ச டீக்கு ஒரு நியாயமான வேலை இருக்கு. கழுத்த ரொம்ப சாய்ச்சு, நீள ஃபோர்க் போட்டு, ட்ரெயில் அளவுக்கு மேல போயிருச்சுன்னா அதைக் குறைச்சுக் கொண்டு வர்றதுக்கு அது. கழுத்து வெட்ட பயப்படுறீங்க பாருங்க, அந்த பயம் சரியான பயம். ஜிக் (ஃபிரேம அசையாம பிடிச்சு வைக்கிற சட்டம்) இல்லாம, ரோட்டோர பட்டறையில வெட்டி ஒட்டுற வேலை அது இல்ல.

நான் லேத் பட்டறையில வேலை பாக்குறேன், ஸ்பிரிங்கர சொந்தமா செஞ்சிட்டு இருக்கேன். டிஸ்க் கேலிப்பர ராக்கர்லயே பிராக்கெட் வச்சு இறுக்கிடலாமா?
- வாசகர், ஓசூர்

கைவேலை தெரிஞ்சவர் கேக்குற கேள்வி, சந்தோஷமா இருக்கு. ராக்கர்ல இறுக்கினா வண்டி நிக்கும், ஆனா நீங்க நினைக்கிற மாதிரி நிக்காது. பிரேக் பிடிச்சதும் சுத்துற டிஸ்க் கேலிப்பரையும் தன்னோட இழுக்கும், கேலிப்பர் ராக்கர இழுக்கும், ஆக்ஸில், ராக்கர் ஆடுற பிவட்டுக்கு முன்னாடி இருக்குறதால ராக்கர் கீழ பாத்து சுத்தும். அதனால பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் அமுங்குறதுக்குப் பதிலா எம்பிக்கும், ஸ்பிரிங்கும் அந்த நேரத்துல சரியா வேலை செய்யாது. 1955-லேர்ந்து 1969 வரைக்கும் பிஎம்டபிள்யூ போட்ட ஏர்ல்ஸ் ஃபோர்க்லயும் (அதுலயும் ஆக்ஸில் பிவட்டுக்கு முன்னாடி தான்) இதே குணம் உண்டு, பழைய பிஎம்டபிள்யூ ஓட்டினவங்கள கேட்டா சொல்வாங்க.

சரியான வழி என்னன்னா கேலிப்பர் பிராக்கெட்ட ஆக்ஸில் மேல ஃப்ரீயா சுத்துற மாதிரி புஷ் போட்டு மாட்டணும், அங்கிருந்து ஒரு டார்க் ஆர்ம் எடுத்து ஸ்பிரிங்கரோட அசையாத பின் காலுக்குக் கொண்டு போகணும், அந்த ஆர்ம் ராக்கருக்குப் பேரலலா, கிட்டத்தட்ட அதே நீளத்துல இருந்தா பிரேக் வேற சஸ்பென்ஷன் வேறன்னு பிரிஞ்சிரும். மொத்த பிரேக் விசையும் அந்த ஒரு ஆர்ம் வழியா தான் போகும், அதனால அங்க சாதா போல்ட் போடாதீங்க, ஹை டென்சில் போல்ட்டும் லாக் நட்டும் போடுங்க. ஏபிஎஸ் வண்டின்னா சென்ஸாரும் டோன் ரிங்கும் (சென்ஸார் படிக்கிற பல் வளையம்) பழைய இடைவெளியில உக்காரணும். பிரேக் ஹோஸ், ஹேண்டில ரெண்டு பக்கமும் முழுசா திருப்பினப்பவும், சஸ்பென்ஷன் முழுசா அமுங்கினப்பவும் எங்கயும் இழுபடக்கூடாது. ராக்கர் புஷ்ஷுக்கு கிரீஸ் நிப்பிள் வைக்க மறந்துராதீங்க.

டொராண்டோல இருக்கேன் அண்ணா, 90-கள் ஹார்லி சாஃப்டெயில் ஒண்ணு வாங்கிருக்கேன். ஸ்பிரிங்கரா கர்டரா, எது போடலாம்?
- வாசகர், கனடா

உங்க வண்டிக்கு ஸ்பிரிங்கர் தான் என் ஓட்டு. ஹார்லி 1949-ல ஹைட்ரா கிளைட் வந்தப்ப பெரிய வண்டிகள்ல ஸ்பிரிங்கர விட்டுட்டு டெலஸ்கோப்பிக்குக்கு (குழாய்க்குள்ள குழாய் இறங்குற, இப்ப சாதாரணமா வர்ற ஃபோர்க்) மாறிட்டாங்க, ஆனா 1988-ல அவங்களே ஸ்பிரிங்கர் சாஃப்டெயில்னு திரும்பக் கொண்டு வந்தாங்க. அந்த கம்பெனி ஃபோர்க் செகண்ட் ஹேண்ட்ல நல்ல நிலைமையில கிடைச்சா, அதே குடும்பத்து வண்டிக்குன்னு டிசைன் பண்ணது, நடுவுல துள்ளல அடக்குற டேம்பரும் இருக்கு. வெறும் ஸ்பிரிங் மட்டும் உள்ள மலிவு செட்டு குழிக்குக் குழி துள்ளிட்டே போகும், அது வேணாம்.

கர்டர் (மேலயும் கீழயும் லிங்க் வச்சு முழு ஃபோர்க்கே மேல கீழ நகர்றது) அழகு தான். 1940-கள் கடைசியில வின்சென்ட் கம்பெனி கர்ட்ராலிக்னு செஞ்சது இன்னைக்கும் பாத்தா கண்ணெடுக்க முடியாது. ஆனா கர்டர்ல மேல ரெண்டு கீழ ரெண்டுன்னு பிவட்டு, ஒவ்வொண்ணுலயும் ஒரு நூல் அளவு ஆட்டம் வந்தாலும் எல்லாம் சேர்ந்து வீல்ல பெருசா தெரியும். ரெகுலரா புஷ் பாக்குற பொறுமை இருந்தா மட்டும் அந்தப் பக்கம் போங்க.

டெலஸ்கோப்பிக்கே எல்லா கம்பெனியும் போடுறாங்கன்னா அது தானே பெஸ்ட்?
- வாசகர், சென்னை

லேசு, மலிவு, எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும், அதனால போடுறாங்க. ஹைட்ராலிக் டேம்பிங்கோட அதை முதல்ல ப்ரொடக்‌ஷன் வண்டியில கொண்டு வந்தது 1935-ல பிஎம்டபிள்யூ, ஆனா அதே கம்பெனி தான் 1993-ல டெலிலீவர்னு வேற வழிக்குப் போய், அதை 1997-ல வந்த ஆர்1200சி க்ரூஸர்லயும் போட்டுச்சு. 2004 ஹோண்டா ரூன்ல ட்ரெயிலிங் லிங்க், 2018 கோல்ட் விங்ல டபுள் விஷ்போன். கனமான வண்டி பிரேக் பிடிக்கும்போது மூக்கு குத்துறத டெலிலீவரும் டபுள் விஷ்போனும் நல்லா குறைக்குது. ஆனா இதையெல்லாம் வேற வண்டிக்குப் பேத்து மாட்டுறது வேற விஷயம், ஃபிரேமே அதுக்காகப் பொறந்திருக்கணும்.

இதுக்கெல்லாம் ஆர்டிஓ ஆபீஸ்ல அனுமதி கிடைக்குமா? பிடிச்சா ஃபைன் கட்டிட்டுப் போயிரலாமா?
- வாசகர், சேலம்

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாது, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதைத் தெளிவா சொல்லிருச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் ஃபைன், இல்லன்னா 6 மாசம் வரை ஜெயில், ரெண்டும் சேர்த்தும் வரலாம். அதனால "ஃபைன் கட்டிட்டுப் போயிரலாம்"ங்கிற கணக்கு தப்பு. விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்லயும் தகராறு தான். ஷோவுக்கோ, சொந்த இடத்துல ஓட்டுறதுக்கோ செய்யுங்க, ரோட்டுக்குன்னா பழைய ஃபோர்க்குலயே ஆயில் மாத்தி, சீல் மாத்தி, நல்ல ஸ்பிரிங் போடுங்க, வித்தியாசம் நல்லாவே தெரியும்.

ஸ்பிரிங்கர் போட்டதுலேர்ந்து 60-க்கு மேல வாபிள் (ஹேண்டில் ரெண்டு பக்கமும் ஆடுறது) அடிக்குது. ஸ்டியரிங் டேம்பர் போட்டா நின்னுருமா?
- வாசகர், திருச்சி

ஆட்டம் குறையும், காரணம் அப்படியே உள்ள இருக்கும். முன்வீல தூக்கி வச்சு ஃபோர்க்கோட கீழ்ப்பக்கத்த முன்னாடி பின்னாடி ஆட்டுங்க, டொக்குன்னு சத்தம் வந்தா கோன் செட் இல்லன்னா ராக்கர் புஷ். அப்புறம் டயர் காத்து, வீல் பெண்டு, வீல் பேரிங். எல்லாம் சரியா இருந்தும் ஆடுதுன்னா ட்ரெயில அளந்து எழுதுங்க, ராக்கர் நீளத்தையும் சேர்த்து எழுதுங்க, அடுத்த இதழ்ல கணக்கு போட்டு சொல்றேன். அதுவரைக்கும் அந்த வண்டிய 40-க்கு மேல ஓட்டாதீங்க.