அறுபத்தைந்து ஆடுகளுக்கான ரசீது – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நபிகள் நாயகம் 632-இல் மறைந்தார் என்றும், அடுத்த நூறு ஆண்டுகளுக்குள் ஸ்பெயின் முதல் சிந்து வரை இஸ்லாம் பரவிவிட்டது என்றும் பள்ளியில் படித்தோம். இது எப்படி நடந்தது என்று யாரைக் கேட்டாலும் இரண்டில் ஒரு பதிலே கிடைக்கிறது. வாள்முனையில் மதம் மாற்றினார்கள் என்பது ஒரு தரப்பு. மக்கள் சமத்துவத்தைக் கண்டு தாமாகவே வந்தார்கள் என்பது மறு தரப்பு. இவர்கள் காயல்பட்டினத்தையும் கீழக்கரையையும் சான்று காட்டுகிறார்கள். எனக்கு இரண்டிலும் மனநிறைவு இல்லை. எழுத்தும் நிர்வாகமும் பெரும் படையும் கொண்டிருந்த பாரசீகம், ஒன்றுமில்லாத பாலைவன மக்களிடம் சில ஆண்டுகளில் நாட்டையும் இழந்து மதத்தையும் விட்டுவிட்டது என்பதை எப்படிப் புரிந்துகொள்வது? தாங்கள் விளக்கி எழுதினால் மகிழ்வேன்.

அன்புடன்,
ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்லும் இரண்டு தரப்பினரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள் என்பதைக் கவனித்திருப்பீர்களா, தெரியவில்லை. அரசு பரவிய அதே வேகத்தில் மதமும் பரவியது என்று இருவருமே எடுத்துக்கொள்கிறார்கள். நூறு ஆண்டுகளில் ஸ்பெயின் முதல் சிந்து வரை சென்றது அரபு முஸ்லிம்களின் ஆட்சிதான். அந்த நூறாவது ஆண்டில், அந்த ஆட்சியின் கீழ் வாழ்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கிறித்தவர்களாகவும், பாரசீகத்தின் பழைய மதத்தைப் பின்பற்றிய ஜொராஸ்த்ரியர்களாகவும், யூதர்களாகவும், கிழக்கே பௌத்தர்களாகவும் இந்துக்களாகவும் இருந்தார்கள். ஈரானிலும் எகிப்திலும் முஸ்லிம்கள் பெரும்பான்மை ஆவதற்கு இருநூறு, முந்நூறு ஆண்டுகளும், சில பகுதிகளில் அதற்கு மேலும் ஆயின. எனவே நம்முன் இருப்பவை இரண்டு வரலாறுகள். அவற்றை ஒன்றாகக் கட்டி வைத்துக்கொண்டு காரணம் தேடினால், நீங்கள் கேட்ட இரண்டு பதில்களைத் தவிர வேறு எதுவும் கிடைக்காது.

முதலில் பேரரசு விழுந்த கதை. ‘ஒன்றுமில்லாத பாலைவன மக்கள்’ என்ற தொடரை ஏற்பதற்கில்லை. இஸ்லாம் தோன்றுவதற்கு முன்பே அரபுத் தீபகற்பத்தைச் சுற்றியிருந்த பண்பாடுகள் அதற்குள் ஆழமாகக் கலந்திருந்தன. யேமனில் ஹிம்யர் அரசர்கள் யூத மதத்தைத் தழுவியிருந்தார்கள். 523-ஐ ஒட்டி நஜ்ரானில் கிறித்தவர்கள் கொல்லப்பட்டதும், கடல் கடந்து எத்தியோப்பியப் படை வந்தது. பின்னர் பாரசீகப் படை வந்து எத்தியோப்பியர்களை விரட்டியது. வடக்கே, ஃகஸ்ஸானிய அரபுகள் பைசாந்தியம் என்னும் கிழக்கு ரோமப் பேரரசின் எல்லைக்காவலர்களாகவும், ஹீராவை ஆண்ட லக்மிய அரபுகள் பாரசீகத்தின் எல்லைக்காவலர்களாகவும் பல தலைமுறைகள் போர் செய்து பழகியவர்கள். ஆயுதம், குதிரைப்படை, பேரரசுகளின் பலவீனம் எல்லாமே அரபுகளுக்கு அத்துப்படி. பாரசீக மன்னர் இரண்டாம் குஸ்ரோ 602-ஐ ஒட்டி லக்மிய அரசையே கலைத்து, தன் தெற்கு வாசலுக்குக் காவல் இல்லாமல் செய்துகொண்டார்.

அதைவிடப் பெரிய காரணம் 602 முதல் 628 வரை நடந்த பைசாந்திய-பாரசீகப் போர். பாரசீகர்கள் 614-இல் ஜெருசலேமைப் பிடித்து, கிறித்தவர்கள் போற்றிய சிலுவையையே தூக்கிச் சென்றார்கள், எகிப்தையும் கைப்பற்றினார்கள். பேரரசர் ஹெராக்ளியஸ் திருப்பி அடித்து, 627-இல் நினிவேக்கு அருகில் அவர்களை முறியடித்தார். அடுத்த ஆண்டு குஸ்ரோவை அவருடைய பிரபுக்களும் மகனுமே வீழ்த்திக் கொன்றார்கள். அதன்பின் நான்கே ஆண்டுகளில் இரண்டு அரசிகள் உட்படப் பலர் அரியணை ஏறி இறங்கிய பிறகு, 632-இல் முடிசூடிய மூன்றாம் யஸ்தகிர்து சிறுவர். ஆறாம் நூற்றாண்டிலிருந்தே திரும்பத் திரும்ப வந்த கொள்ளைநோயையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். 636-இல் யர்மூக், அதையொட்டிக் காதிஸிய்யா, 642-இல் நிஹாவந்த் என்று அரபுப் படை வென்ற களங்கள், கருவூலம் காலியாகி அரசியல் உடைந்துபோன இரண்டு பேரரசுகளின் களங்கள். அரபுகளின் தலைமையும் கட்டுக்கோப்பும் உண்மையானவை. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு அதே படை அங்கே போயிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

வென்றவர்கள் அடுத்த நாள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு எப்போதும் கூடுதல் ஆர்வம் தருகிறது. அதற்குக் கையெழுத்துச் சான்றே இருக்கிறது. வியன்னாவில் உள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் 643-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு பாப்பிரஸ் ஏடு பாதுகாக்கப்படுகிறது. எகிப்தில், அரபுகள் இஹ்னாஸ் என்றழைத்த ஹெராக்ளியோபோலிஸ் ஊரில், அப்துல்லாஹ் இப்னு ஜாபிர் என்னும் படைத்தலைவர், வட்டார அதிகாரிகளான கிறிஸ்டோபோரஸ், தியோடோராக்கியோஸ் என்னும் இருவரிடமிருந்து ஆடுகளைப் பெற்றுக்கொண்டதற்கு எழுதிக்கொடுத்த ரசீது அது. ஏட்டில் கிரேக்கமும் அரபியும் இருக்கின்றன. கிரேக்கப் பகுதியை எழுதியவர் யோவான் என்னும் கிறித்தவத் திருத்தொண்டர். ‘இறைவன் பெயரால்’ என்று தொடங்கி, அறுபத்தைந்து ஆடுகள், அதற்கு மேல் இல்லை என்று அழுத்தி எழுதியிருக்கிறார். அரபிப் பகுதி பிஸ்மில்லாவில் தொடங்கி, ஐம்பது ஆடுகள், மேலும் பதினைந்து ஆடுகள் என்று பிரித்துச் சொல்லி, கப்பல்காரர்களுக்கும் குதிரைப்படைக்கும் கவசம் அணிந்த காலாட்படைக்கும் என்று செலவையும் குறித்து, ஆண்டு 22 என்று முடிகிறது. அது ஹிஜ்ரி என்னும் இஸ்லாமிய ஆண்டுக்கணக்கில் 22. ஏட்டின் பின்புறத்தில் கிரேக்கத்தில் ஒரு குறிப்பு உண்டு: இந்த ஆடுகள் அவ்வாண்டு வரிக்கு முன்பணமாக வரவு வைக்கப்பட்டவை.

நாயகம் மறைந்து பதினோரு ஆண்டுகள்தான் ஆகியிருக்கின்றன. எகிப்தில் போர் முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அதற்குள் வென்றவர் ரசீது கொடுக்கிறார், தோற்றவர் அதை வரிக்கணக்கில் கழித்துக்கொள்கிறார். இதை வைத்து அந்தப் படையெடுப்பில் ரத்தம் சிந்தவில்லை என்று சொல்லிவிட முடியாது. ரசீது கொடுத்தாலும் ஆடு ஆடுதான், கொடுத்தவர்கள் விரும்பிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் ஊரை நடத்திய கிறித்தவ அதிகாரி அதே நாற்காலியில் இருக்கிறார், அதே கணக்குப்பிள்ளை அதே மொழியில் எழுதுகிறார் என்பது கண்கூடு. பைசாந்தியத் திருச்சபையோடு கொள்கை முரண்பட்டுத் தலைமறைவாக இருந்த எகிப்தியக் கிறித்தவர்களின் கோப்டிக் திருச்சபைத் தலைவர் பெஞ்சமின் வெளியே வந்து தம் பொறுப்பை மீண்டும் ஏற்றதும் இந்த ஆண்டுகளில்தான்.

பாரசீகத்தில் நாணயங்கள் இதையே சொல்கின்றன. யஸ்தகிர்து 651-இல் மெர்வ் நகருக்கு அருகில் கொல்லப்பட்டார். அவரோடு பாரசீகத்தை ஆண்ட சாசானிய வம்சத்தின் அரசு முடிந்தது. அதன்பின் அரபு ஆளுநர்கள் அடித்த வெள்ளிக்காசின் ஒரு பக்கத்தில், இறகு முளைத்த கிரீடம் அணிந்த சாசானிய மன்னரின் முகம், மறுபக்கத்தில் ஜொராஸ்த்ரியரின் நெருப்புப் பீடமும் அதன் இருபுறம் நிற்கும் காவலர்களும், எழுத்து அக்காலப் பாரசீகத்துக்குரிய பஹ்லவி. ஓரத்தில் மட்டும் அரபியில் ‘பிஸ்மில்லாஹ்’. ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் இந்தக் காசு முஸ்லிம் ஆட்சியில் புழங்கியது. சிரியாவில் பைசாந்தியக் காசின் சாயலில் அடித்த தங்கக்காசுகளில், படிக்கட்டின் மேல் நின்ற சிலுவையின் குறுக்குக்கட்டையை மட்டும் நீக்கிவிட்டு வெறும் கம்பமாக விட்டிருக்கிறார்கள். சந்தையில் மக்கள் நம்பி வாங்கும் காசை ஒரேயடியாக மாற்ற எந்த ஆட்சியாளரும் துணிவதில்லை.

மாற்றியவர் முஸ்லிம் அரசின் தலைவரான கலீஃபா அப்துல் மலிக். அவருடைய ஆட்சி 685 முதல் 705 வரை. ஜெருசலேமின் பாறைக் குவிமாடம் ஹிஜ்ரி 72-இல், அதாவது 691-692-இல், பைசாந்திய பாணி மொசைக் வேலைப்பாடுகளோடு எழுந்தது. அதன் உட்சுவரில் ஈசா நபியை, அதாவது இயேசுவைப் பற்றிய குர்ஆன் வசனங்கள், சுற்றியிருந்த கிறித்தவ உலகை நோக்கிப் பேசுவதுபோல எழுதப்பட்டன. ஹிஜ்ரி 77-இல் உருவமே இல்லாத, முழுக்க அரபி எழுத்தாலான தங்க தீனார் வந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து வெள்ளி திர்ஹமும் அப்படியே மாறியது. இராக்கின் வரிப்பதிவேடுகள் அங்கே ஆளுநராக இருந்த ஹஜ்ஜாஜின் காலத்தில் பாரசீகத்திலிருந்தும், டமாஸ்கஸின் பதிவேடுகள் 700-ஐ ஒட்டிக் கிரேக்கத்திலிருந்தும் அரபிக்கு மாறின. அதுவரை டமாஸ்கஸில் நிதிக்கணக்கைப் பார்த்துவந்தது ஒரு கிறித்தவக் குடும்பம்; கிறித்தவ இறையியலாளர் தமஸ்கு யோவான் அதில் பிறந்தவர். நம்மூரில் கம்பெனி ஆட்சி வந்தபோதும் கர்ணத்தின் கணக்குச்சுவடி ஒரே நாளில் இங்கிலீஷாகிவிடவில்லை என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

இனி மதம். தொடக்ககால ஆட்சியாளர்களில் பலருக்கு, குடிகள் கூட்டங்கூட்டமாக முஸ்லிமாவதில் பெரிய ஆர்வம் இருக்கவில்லை என்பது இன்று பலருக்கு வியப்பளிக்கும். அரபுப் படைகள் பஸ்ரா, கூஃபா, ஃபுஸ்தாத் போன்ற புதிய படைநகரங்களில் தனியே வாழ்ந்தன. அவர்களுக்குரிய ஊதியம் குடிகளின் நிலவரியிலிருந்தும் ஜிஸ்யா என்னும் தலைவரியிலிருந்தும் வந்தது. குடியானவர் முஸ்லிமாகி நிலத்தை விட்டு நகரத்துக்குப் போய்விட்டால் வரி குறையும். ஹஜ்ஜாஜ் அப்படி வந்தவர்களைப் பிடித்து ஊருக்குத் திருப்பி அனுப்பினார். மதம் மாறியவர்களிடமும் பல இடங்களில் ஜிஸ்யா தண்டப்பட்டது. 717-இல் பதவியேற்ற கலீஃபா இரண்டாம் உமர் இதை நிறுத்தச் சொன்னபோது, மக்கள் வரிக்குப் பயந்துதான் மாறுகிறார்கள், விருத்தசேதனம் செய்துகொண்டார்களா என்று சோதிக்கலாம் என்று பாரசீகத்தின் கிழக்குப் பகுதியான குராசானின் ஆளுநர் எழுதினாராம். இறைவன் முஹம்மதை அழைப்பாளராகவே அனுப்பினான், விருத்தசேதனம் செய்பவராக அனுப்பவில்லை என்று உமர் பதில் எழுதியதாக அரபு வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சிந்துவில் 711-712-இல் முஹம்மது இப்னு காசிம் வென்றபின், அங்கிருந்த கோயில்கள் கிறித்தவரின் தேவாலயங்களையும் யூதரின் ஜெபக்கூடங்களையும் ஜொராஸ்த்ரியரின் நெருப்புக்கோயில்களையும் போலவே கருதப்படும் என்று ஏற்பாடு செய்ததையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

பிறகு மக்கள் எப்போது மாறினார்கள்? இதைக் கணிக்க ஆய்வாளர்கள் கையாண்ட ஒரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஈரானின் நிஷாபூர் போன்ற நகரங்களில் அறிஞர்களின் வரலாற்றுத் தொகுப்புகள் எழுதப்பட்டன. அவற்றில் ஒவ்வொருவரின் பெயரும் தந்தை, பாட்டன், பூட்டன் என்று நீளும். அஹ்மத், அவர் தந்தை முஹம்மது, அவர் தந்தை ருஸ்தம் என்று போகும் வரிசையில், அரபிப் பெயர் முடிந்து பாரசீகப் பெயர் தொடங்கும் இடத்தில்தான் அந்தக் குடும்பம் மதம் மாறியிருக்க வேண்டும். இப்படி எண்ணிப் பார்த்தால், ஈரானில் ஏறத்தாழ பாதிப் பேர் முஸ்லிமாவது ஒன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் என்று தெரிகிறது. நாடு வீழ்ந்து இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு! நகர வாழ்க்கை, வணிகக் கூட்டு, திருமணம், அரசு வேலை, வரி, நீதிமன்றத்தில் சாட்சியத்தின் மதிப்பு, சூஃபிகளும் அறிஞர்களும் தந்த ஈர்ப்பு என்று பல காரணங்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து வேலை செய்தன. 750-இல், அதுவரை ஆண்ட உமையா வம்சக் கலீஃபாக்களை வீழ்த்திய அப்பாஸியப் புரட்சி குராசானில் கிளம்பியதும், அரபு அல்லாத முஸ்லிம்கள் ஆட்சியில் பங்கு பெற்றதும் இந்த ஓட்டத்தை விரைவாக்கின.

இதை முழுக்க அமைதியான கதையாக நான் சொல்லவில்லை. போர்க்கைதிகள் அடிமைகளானார்கள், அவர்களில் பலர் அந்த நிலையிலேயே முஸ்லிமானார்கள். வரிச்சுமை தாங்காமல் எகிப்தின் பஷ்மூர் பகுதியில் கோப்டிக் மக்கள் செய்த கிளர்ச்சியைக் கலீஃபா மாமூன் 832-இல் நேரில் வந்து அடக்கினார். 850-இல் கலீஃபா முதவக்கில், முஸ்லிம் அல்லாதோர் தனி அடையாளத்தோடு உடுத்த வேண்டும் என்று ஆணையிட்டார். அரசு, வாளை மதமாற்றத்துக்குப் பயன்படுத்தியது குறைவு என்றாலும், அந்த அரசு வாளால் வந்தது என்பதையும், அதன் கீழ் இரண்டாம் நிலைக் குடிகளாக வாழ்வதில் ஒரு நெருக்கடி இருந்தது என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

பாரசீகம் தன்னை விட்டுவிட்டதா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. ரோஸ்பிஹ் என்னும் பெயரோடு பிறந்து பின்னர் முஸ்லிமான இப்னுல் முகஃப்பா, நம் பஞ்சதந்திரக் கதைகளைப் பஹ்லவியிலிருந்து அரபிக்குக் கொண்டுவந்தார். அரபி இலக்கணத்தின் பெருநூலை எழுதிய சீபவைஹி பாரசீகர். கலீஃபா ஹாரூன் அல் ரஷீதின் அமைச்சர்களான பர்மக்கியர்கள், பல்க் நகரின் பௌத்த விகாரை ஒன்றுக்குத் தலைமை வகித்த குடும்பத்தினர். கிரேக்க மருத்துவர் கேலனின் நூல்களை மொழிபெயர்த்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஹீராவின் கிறித்தவ அரபு. எகிப்திலும் சிரியாவிலும் அரபி வீட்டுமொழியாகி, அங்கிருந்த கோப்டிக், சிரியாக் மொழிகள் சுருங்கின. ஈரானிலோ பாரசீகம் அரபு எழுத்தை எடுத்துக்கொண்டு, பத்தாம் நூற்றாண்டில் புகாராவை ஆண்ட சாமானிய வம்சத்தாரின் அரசவையில் மீண்டும் இலக்கிய மொழியாக நிமிர்ந்தது. ஈரானியர் மதத்தை மாற்றிக்கொண்டார்கள், மொழியை விடவில்லை.

காயல்பட்டினத்தையும் கீழக்கரையையும் இந்த விவாதத்தில் எந்தத் தரப்பும் சான்றாக இழுக்கக் கூடாது என்பது என் கருத்து. அங்கே அரபுப் படையும் வரவில்லை, அரபு வரித்தண்டலும் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் காயல் துறைமுகத்தில் குதிரை இறக்கிய அரபு, பாரசீக வணிகர்கள் பாண்டிய மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டு வாழ்ந்தார்கள். இஹ்னாஸில் ஆடு வாங்கிய படைத்தலைவரின் நிலைக்கு அது நேர் எதிரானது. காயலைக் காட்டி எகிப்தில் நடந்ததை விளக்க முடியாது. எகிப்தைக் காட்டிக் காயலையும் விளக்க முடியாது.

அன்புடன்.