மூக்குக்கண்ணாடி அணிபவர் விமானப்படை விமானி ஆகலாமா?

தம்பி, கொக்குவிலில் இருந்து உயர்தரம் படிக்கும் உங்களுக்கு இரு கண்ணிலும் மைனஸ் 1.25 குறும்பார்வை உள்ளதாகவும், திருகோணமலைச் சீனக்குடா விமானப்படைத் தளத்தில் விமானிப் பயிற்சி பெறும் ஆசையைக் கைவிடுவதா, உடனே லேசர் சிகிச்சை செய்வதா என்றும் கேட்டிருந்தீர்கள்.

சிகிச்சைக்கு அவசரப்பட வேண்டாம். இந்த வயதில் கண்ணின் பவர் இன்னும் கூடக்கூடும் என்பதோடு, லாசிக் என்ற லேசர் முறையில் கோர்னியாவில் (கண்ணின் முன்புறத் தெளிவான படலத்தில்) மடல் ஒன்று வெட்டப்படுவதாலும், பிஆர்கே என்ற மற்றொரு லேசர் முறையில் அப்படி வெட்டப்படாததாலும், இவ்விரண்டையும் விமானப்படைகள் நெடுங்காலம் ஒன்றாகக் கருதவில்லை. அமெரிக்க விமானப்படைகூட விமானி விண்ணப்பதாரருக்கு லாசிக்கை 2007 இல்தான் அனுமதித்தது. செய்த சிகிச்சையை மீளப்பெற முடியாது. ஆகவே ஆட்சேர்ப்பு அறிவித்தலின் மருத்துவத் தகைமைகளை முதலில் வாசியுங்கள்.

அதற்கு முன் நிறப்பார்வையைச் சோதியுங்கள். குறும்பார்வைக்குக் கண்ணாடி உண்டு, பிறவி நிறக்குருட்டுக்கு மருந்தில்லை. பலர் இதை நேர்முகத் தேர்வன்றுதான் அறிகிறார்கள் என்பது என் ஆதங்கம். கண் வைத்திய நிபுணரிடம் கண்மணியை விரிக்கும் துளிமருந்து இட்டு அளவெடுத்தால் உண்மையான பவர் தெரியும்.

பயணிகள் விமானம் வேறு கணக்கு: சர்வதேச முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழுக்கு ஒவ்வொரு கண்ணிலும் 6/9 (இயல்பைவிடச் சற்றுக் குறைந்த) பார்வை, இரண்டும் சேர்ந்து 6/6 (இயல்பான) பார்வை, கண்ணாடியுடன் கிடைத்தாலும் போதும்.