ரயில் பெட்டி கிட் வாங்குவோர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மாதிரி ரயில் பெட்டி ஒன்றை நானே கட்டி, பெயின்ட் அடித்து ஓட்டிப் பார்க்க ஆசை. ஒரே பெட்டிக்குப் பிளாஸ்டிக்கில் ஒரு கிட்டும், பித்தளைத் தகட்டில் ஒரு கிட்டும் கிடைக்கின்றன. பித்தளை பல மடங்கு விலை என்றாலும் அதுதான் தரம் என்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம்?

பதில்: முதல் பெட்டி என்றால் தயங்காமல் பிளாஸ்டிக்கை வாங்குங்கள். பித்தளை மட்டம் என்பதல்ல காரணம். அமிலத்தால் அரித்து எடுத்த மெல்லிய தகட்டில் கதவு விளிம்பும் ஜன்னல் சட்டமும் விழும் கூர்மை வேறு எதிலும் வராது. ஆனால் அந்தத் தகட்டைக் கோடு பிசகாமல் மடித்து, பிளக்ஸ் (ஈயம் பிடிக்க உதவும் அமிலப் பசை) தடவி, சால்டரிங் செய்து, அமிலப் பசை மிச்சமில்லாமல் கழுவி, அதன் பிறகே பிரைமர் என்ற அடிப்பூச்சுக்கு வர வேண்டும். அதற்கான கருவிகளின் செலவைக் கடைக்காரர் சொன்ன விலையோடு கூட்டிப் பாருங்கள். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் கிட்டுக்குக் கூர்மையான கத்தி, மெல்லிய அரம், சாமணம், அந்தப் பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் திரவப் பசை ஆகியவை போதும். அந்தப் பசை இரண்டு பாகங்களின் விளிம்பையும் கரைத்து ஒன்றாக உருக்கிவிடுவதால் இணைப்பு உறுதியாக நிற்கும். ரெசினிலும் உலோகத்திலும் அது பிடிக்காது. அங்கே சூப்பர் குளூவோ இருகலவை எபாக்சியோ வேண்டும். ஜன்னல் கண்ணாடிக்கு மட்டும் சூப்பர் குளூவைக் கொண்டு போகாதீர்கள். அதன் ஆவி படிந்து தெளிவான பிளாஸ்டிக் வெண்மையாகப் புகை மூடிவிடும். காய்ந்ததும் தெளிவாகும் வெள்ளைப் பசையே அதற்கு ஏற்றது.

எந்த கிட்டாக இருந்தாலும், அட்டையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். சக்கரம், அச்சுமுனை தாங்கும் பித்தளைக் கிண்ணங்கள், இணைப்புக் கொக்கி, பெயின்ட், நீரில் நனைத்து ஒட்டும் எண்களும் எழுத்துகளும் கொண்ட டீகால் தாள் ஆகியவற்றில் எவையெல்லாம் உள்ளே இல்லை என்பது அந்த வரியில்தான் இருக்கும். சில கிட்டுகளில் போகிகூட (பெட்டியின் அடியில் சக்கரங்களைத் தாங்கி, வளைவில் திரும்பும் சட்டகம்) தனியாக வாங்க வேண்டியதுதான். முன்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் படமோ எல்லாம் பொருத்தி, பெயின்ட் அடித்து முடித்த பெட்டியின் படம். படத்தை நம்பி விலையை ஒப்பிடுவதால்தான் மலிவு என்று வாங்கியது கடைசியில் கூடுதல் செலவில் முடிகிறது. இரண்டு கிட்டுகளையும், இல்லாதவற்றின் விலையைச் சேர்த்த பிறகே ஒப்பிடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது எச்.ஓ. (HO) என்ற மாதிரி ரயில் அளவுக்கான தண்டவாளம். பிடித்துப்போன ஒரு கிட்டின் அட்டையில் ஓ.ஓ. (OO) என்ற வேறு அளவு போட்டிருக்கிறது. இரண்டுக்கும் தண்டவாள அகலம் ஒன்றுதான், தாராளமாக ஓடும் என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: ஓடும் என்பது உண்மை, பொருந்தும் என்பது வேறு. இரண்டுக்கும் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர்தான். ஆனால் எச்.ஓ. என்பது 1:87, அதாவது நிஜத்தின் 87-இல் ஒரு பங்கு; ஓ.ஓ. என்பது 1:76.2. 20 மீட்டர் நீளமுள்ள நிஜப் பெட்டி முதலாவதில் சுமார் 230 மில்லிமீட்டராகவும் இரண்டாவதில் சுமார் 262 மில்லிமீட்டராகவும் வரும். உயரமும் அகலமும் அதே விகிதத்தில் கூடுவதால், இரண்டையும் ஒரே வண்டியில் அடுத்தடுத்துக் கோத்தால் பார்த்த மாத்திரத்தில் வித்தியாசம் தெரியும். 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும் ‘என்’ (N) என்ற அளவிலும் இதே சிக்கல் உண்டு: பிரிட்டிஷ் மாதிரிகள் 1:148, ஐரோப்பிய, அமெரிக்க மாதிரிகள் 1:160, ஜப்பானிய மாதிரிகளில் பல 1:150. ஆகவே எழுத்தைப் பார்க்காமல் விகித எண்ணைப் பாருங்கள்.

இதைவிட முக்கியமான ஒரு கேள்வியை யாரும் கடையில் கேட்பதில்லை. உங்கள் தண்டவாள வளைவின் ஆரம் எவ்வளவு? 26.4 மீட்டர் நீளமுள்ள ஐரோப்பியப் பெட்டி 1:87 விகிதத்தில் 303 மில்லிமீட்டர் வரும். ஓ.ஓ. ஆயத்தத் தண்டவாளங்களில் மிகச் சிறிய வளைவின் ஆரம் 371 மில்லிமீட்டர், அடுத்தது 438. அத்தகைய இறுக்கமான வளைவில் நீளமான பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் துருத்திக்கொள்ளும்; போகி திரும்ப இடமில்லாமல் படிக்கட்டிலோ அடிச்சட்டத்திலோ இடித்து, வண்டி தடம் புரளும். இதற்காகவே சில தயாரிப்பாளர்கள் நீளத்தை மட்டும் 1:100 வரை குறுக்கி விற்கிறார்கள். அது ஏமாற்று வேலை அல்ல. ஆனால் அட்டையில் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். பெட்டியின் நீளத்தையும், அது திரும்பக்கூடிய குறைந்தபட்ச ஆரத்தையும் மில்லிமீட்டரில் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் சொல்ல இயலாத விற்பனையாளரிடம் அவசரப்பட்டுப் பணம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: வாங்கி வந்த கிட்டைப் பிரித்தபோது போகியின் ஒரு பக்கச் சட்டத்தைக் காணவில்லை, பெட்டியின் நீளப் பக்கமும் லேசாக வளைந்திருக்கிறது. உறையைப் பிரித்துவிட்டதால் மாற்றித் தர முடியாது என்கிறது கடை.

பதில்: இரண்டு குறைகளையும் தனித்தனியாகப் பாருங்கள். பாகம் இல்லாதது தயாரிப்புக் குறைதான், அதில் ஐயமில்லை. உறையைப் பிரிக்காமல் உள்ளே என்ன குறைகிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்பதை மரியாதையாக, எழுத்தில் தெரிவியுங்கள். கடை இணங்காவிட்டால் தயாரிப்பாளருக்கே எழுதுங்கள். காணாமல் போன பாகத்தின் எண் கட்டுமான வரைபடத்தில் இருக்கும். அந்த எண், ரசீதின் நகல், பாகங்கள் ஒட்டியிருக்கும் எல்லா வார்ப்புச் சட்டங்களையும் பரப்பி எடுத்த ஒரு படம் ஆகிய மூன்றையும் சேர்த்து அனுப்பினால், முழு கிட்டை மாற்றாமல் அந்தச் சட்டத்தை மட்டும் அனுப்பிவைப்பவர்கள் உண்டு. அதுவரை ஒரு பாகத்தைக்கூட வெட்டி எடுக்காதீர்கள். கத்தி வைத்த பிறகு குறை கடையில் நேர்ந்ததா உங்கள் மேசையில் நேர்ந்ததா என்ற வாதம் எழும்; அதில் வாங்கியவரின் பக்கம் பலவீனமாகிவிடும்.

லேசான வளைவு அப்படியல்ல. நீளமான மெல்லிய பிளாஸ்டிக் சுவரில் அது சகஜம். தரையும் குறுக்குத் தடுப்புகளும் ஒட்டப்படும்போது பெரும்பாலும் நேராகிவிடும். கொதிநீரில் போட்டு நிமிர்த்தும் வழி ரெசின் பாகங்களுக்கு உரியது. பாலிஸ்டைரீன் அந்த வெப்பத்தில் இளகி உருக்குலைந்துவிடும் என்பதால் அதை முயலவே கூடாது. விளிம்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிசிறும், வார்ப்பு அச்சு சேர்ந்த கோடும் அரத்தால் நீக்கக்கூடியவை. பிளாஸ்டிக் முழுதாக நிரம்பாமல் பாதியில் நின்ற பாகம், விரிசல், ஜன்னல் சட்டம் உடைந்திருப்பது ஆகியவற்றுக்குத்தான் மாற்றுக் கேட்க வேண்டும்.

கேள்வி: பெட்டிக்கு எனாமல் அடித்து, மறுநாள் வார்னிஷ் ஸ்பிரே செய்தேன். பெயின்ட் முழுவதும் தோல் உரிந்ததுபோல் சுருங்கிவிட்டது. வார்னிஷ் போலியா? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: வார்னிஷின் மீது குற்றம் இருப்பதாகத் தோன்றவில்லை. வன்மையான கரைப்பான் கொண்ட லாக்கர் வகை ஸ்பிரே, முழுமையாக இறுகாத எனாமலின் மேல் விழுந்தால் அதை ஊறவைத்துச் சுருக்கிவிடும். எனாமல் தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில மணி நேரத்தில் வந்துவிட்டாலும், உள்ளே இறுகப் பல நாட்கள் ஆகும். அக்ரிலிக் நன்கு காய்ந்தபின் அதன்மேல் எனாமல் பூசலாம். எனாமலின் மேல் லாக்கரைப் பூசுவதுதான் ஆபத்து. டப்பாவில் எந்த வகை என்றே குறிப்பிடாமல் வெறுமனே தெளிவான வார்னிஷ் என்று மட்டும் இருந்தால், அந்த அளவுக்கு உங்கள் புகார் நியாயமானதே. பிரைமர், நிறம், வார்னிஷ் மூன்றையும் கூடியவரை ஒரே வகையில் வாங்குங்கள். பாகங்களை வெட்டியபின் மிஞ்சும் சட்டத்தை எறியாமல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பூச்சையும் முதலில் அதன்மேல் பூசிப் பாருங்கள்.

பெயின்ட் அடிக்குமுன் பாகங்களை வெதுவெதுப்பான நீரில் சிறிது பாத்திர சோப்பு கலந்து கழுவுவது அவசியம். வார்ப்பு அச்சிலிருந்து எளிதில் கழன்றுவரப் பூசிய எண்ணெய்ப் பசை மேலே இருந்தால் பிரைமர் பிடிக்காது. இரண்டு நிறப் பெட்டியாக இருந்தால் வெளிர்நிறத்தை முதலில் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அதன் விளிம்பை மரக்குச்சியின் மழுங்கிய முனையால் கதவு இடுக்குகளிலும் கீல் மேடுகளிலும் அழுத்தி உட்காரவையுங்கள். பிறகு அந்த விளிம்பின் மேல் முதல் நிறத்தையே இன்னொரு முறை மெல்லிசாகப் பூசுங்கள். கசிவதற்கு இடமிருந்தால் அந்த நிறமே கசிந்து இடுக்கை அடைத்துக்கொள்ளும். அடுத்து வரும் அடர்நிறத்துக்கு வழியிருக்காது. அடர்நிறம் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும், டேப்பை மேல்நோக்கி இழுக்காமல் தன்மேலேயே மடிந்து வருமாறு மெதுவாக உரியுங்கள்.

டீகால் ஒட்டுமுன் பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு வேண்டும். மங்கலான, சொரசொரப்பான பரப்பில் டீகாலின் அடியில் காற்று சிக்கி, வெள்ளி பூசியதுபோல் மின்னும். டீகால் தாளை வாங்கும்போது காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் ரயில்வேயின் மார்க் 1 பெட்டிகள் 1951-இல் வந்தபோது சிவப்பும் வெண்மஞ்சளுமாக இருந்தன. 1956 முதல் மரூன், 1960-களின் நடுவில் நீலமும் சாம்பலும். ஒரே பெட்டிக்கு மூன்று தாள்கள் விற்கப்படும். மரூன் பெட்டியில் நீலக் காலத்து எழுத்தை ஒட்டிவிட்டால் மாற்றுவது எளிதல்ல.

கேள்வி: பழைய, கட்டப்படாத கிட்டுகள் இணைய ஏலத்தில் வருகின்றன. வாங்கலாமா?

பதில்: கட்டுவதற்கா, சேர்த்து வைப்பதற்கா என்பதை முதலில் தீர்மானியுங்கள். 1959-இல் தொடங்கிச் சில ஆண்டுகளே தனித்து இயங்கிய கிட்மாஸ்டர் என்ற பிரிட்டிஷ் பிளாஸ்டிக் ரயில் கிட் பிராண்ட் போன்றவற்றின் முழுமையான கிட்டுக்கு, அட்டைப்பெட்டியோடு சேர்த்துத்தான் சேகரிப்போர் மதிப்பு. கட்டத் தொடங்கினால் அந்த மதிப்பு போய்விடும். கட்டுவதற்கு என்றால் டீகாலையும் சக்கரத்தையும் கணக்கில் சேர்க்காமல் விலை பேசுங்கள். பழைய டீகால் தண்ணீரில் இட்டதும் துண்டு துண்டாக உடைவது சகஜம். தேவையில்லாத ஓர் எழுத்தை வெட்டி நனைத்துப் பார்த்துவிட்டே மற்றதைத் தொடுங்கள். பிளாஸ்டிக் சக்கரங்களுக்குப் பதிலாக உலோகச் சக்கரம் வாங்கும்போது, ஒரு பக்கமாவது அச்சிலிருந்து மின்காப்பு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு தண்டவாளங்களும் அச்சு வழியே இணைந்து ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். ஓ.ஓ. அளவில் கூர்முனை அச்சின் நீளம் வழக்கமாக 26 மில்லிமீட்டர். எச்.ஓ. அச்சுகள் அதைவிடக் குட்டையானவை என்பதால், ஒன்றுக்குரியதை மற்றதில் போட்டால் சக்கரம் ஆடும் அல்லது இறுகும். பழைய போகியின் இரு பக்கங்களுக்கும் இடையிலான தூரத்தை விற்பவரிடம் அளந்து சொல்லச் சொல்லி, அதன் பிறகு சக்கரத்துக்கு ஆர்டர் கொடுங்கள்.