புஜோல்ஸ் யாரை ஏமாற்றினார்?

கேள்வி: பேஸ்பால் நட்சத்திரம் ஆல்பர்ட் புஜோல்ஸ் 32 வயதை நெருங்கும் நேரத்தில் ஏஞ்சல்ஸ் அணியிடம் 10 ஆண்டுக்கு 24 கோடி டாலர் எழுதி வாங்கினார். பிற்பாதி ஆண்டுகளில் அவரால் ஒழுங்காக ஓடக்கூட முடியவில்லை. ரசிகனை மொட்டையடிக்கும் பகல் கொள்ளை அல்லவா இது? 35 வயதைத் தாண்டி நீளும் ஒப்பந்தங்களுக்கு, பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக் தடை போட்டால் என்ன?
— ஒரு வாசகர், நியூ ஜெர்சி

பதில்: கொள்ளை என்று எழுதிவிட்டீர்கள். யார் கையிலிருந்து யார் கைக்குப் பணம் போனது என்று முதலில் கணக்குப் பார்த்துவிடுவோம்.

2001-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்குப் புஜோல்ஸ் முதன்முதலாக ஆட வந்தபோது அவருடைய ஆண்டுச் சம்பளம் 2 லட்சம் டாலர். அந்த ஆண்டு அவர் அடித்தது 37 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி), பேட்டிங் சராசரி .329 (ஆயிரம் முயற்சியில் 329 வெற்றி அடி), சிறந்த புதுமுக விருது வேறு. மறு ஆண்டு 6 லட்சம் கொடுத்தார்கள், அதற்கு மறு ஆண்டு 9 லட்சம். அந்த 2003-ல் அவர் சராசரி .359. மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கில் யாரும் அவரை எட்டவில்லை. அதன் பிறகுதான் 7 ஆண்டுக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு மூன்று முறை லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது, சாம்பியனை முடிவுசெய்யும் உலகத் தொடரில் இரண்டு கோப்பைகள். 11 ஆண்டில் 445 ஹோம் ரன். இத்தனைக்கும் கார்டினல்ஸ் கொடுத்த மொத்தச் சம்பளம் 10 கோடி டாலருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அந்தப் 11 ஆண்டும் உங்களைப் போன்ற ஒரு ரசிகர்கூட அணி முதலாளியைப் பார்த்துக் கொள்ளை என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை.

ஏஞ்சல்ஸ் கதை மோசமானதுதான், மறுக்கவில்லை. செயின்ட் லூயிஸில் .328 ஆக இருந்த சராசரி ஏஞ்சல்ஸ் சட்டையில் .256-க்கு இறங்கியது. 2013-ல் குதிகால் வலி அவரை ஜூலையோடு உட்கார வைத்துவிட்டது. அவர் இருந்த காலத்தில் அந்த அணி சீசன் முடிவில் வரும் பிளேஆஃப் சுற்றைப் பார்த்ததே ஒரே முறை, 2014-ல். கன்சாஸ் சிட்டியிடம் மூன்று ஆட்டமும் தோற்று வீடு திரும்பியது. ஒப்பந்தத்தில் முதல் ஆண்டுச் சம்பளம் 1.2 கோடி, கடைசி ஆண்டுச் சம்பளம் 3 கோடி. அந்தக் கடைசி ஆண்டு மே மாதமே அவரை அனுப்பிவிட்டார்கள். வயது ஏற ஏறச் சம்பளமும் ஏறும் இந்த அட்டவணையை யாரும் கத்தியைக் காட்டிக் கையெழுத்து வாங்கவில்லை. அணி உரிமையாளர் ஆர்டே மொரீனோவும் அவருடைய நிர்வாகிகளும் கண் திறந்து போட்ட கையெழுத்து அது. பேட்ஸ்மேன் பெரும்பாலும் 30-க்கு முன்பே உச்சத்தைத் தொட்டுவிடுகிறான் என்பது பேஸ்பாலில் கணக்கு எழுதும் கடைசிக் குமாஸ்தாவுக்கும் தெரியும். அவர்கள் வாங்கியது முதல் நாலைந்து ஆண்டுகளை. பிந்தைய ஆண்டுகள் அதற்குக் கொடுத்த விலை.

அதே 2013-ல் அதே அணியில் இன்னொரு சம்பளச் சீட்டும் இருந்தது. மைக் ட்ரவுட்டுக்கு வயது 21. முந்தைய ஆண்டு 30 ஹோம் ரன் அடித்து 49 பேஸ் திருடி (எதிரணி அசரும் நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது), சிறந்த வீரர் விருதுக்கான வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்தவர். அணியிலேயே சிறந்த ஆட்டக்காரர் அவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவருக்கு அந்த ஆண்டு கொடுத்தது 5,10,000 டாலர். புஜோல்ஸுக்கு 1.6 கோடி. உங்கள் கண்ணை உறுத்துவது அந்த 1.6 கோடி. எனக்கு உறுத்துவது 5,10,000.

ஏன் இப்படி? மேஜர் லீக்கில் ஆறு முழு ஆண்டு சேவை முடிக்காத வீரன் ஃப்ரீ ஏஜென்ட், அதாவது எந்த அணியோடும் பேரம் பேசக்கூடியவன், ஆக முடியாது. முதல் மூன்று ஆண்டு ஏறத்தாழக் குறைந்தபட்சச் சம்பளம். அடுத்த மூன்று ஆண்டு நடுவர் முன்னால் பேரம். அதற்குக் கீழ்மட்டமான மைனர் லீக்கில் கழிந்த ஆண்டுகள் இந்தக் கணக்கில் சேராது. ஆகவே ஒருவன் சந்தைக்கு வந்து நிற்கும்போது 28, 29, 30 ஆகிவிடுகிறது. இளமையில் வர வேண்டியது அரியர்ஸாகத்தான் கைக்கு வருகிறது. அதிலும் கொடுமை, கடன் வைத்தது ஒரு முதலாளி, அடைப்பது வேறொரு முதலாளி. கார்டினல்ஸ் மிச்சம் பிடித்ததை ஏஞ்சல்ஸ் கட்டியது. ஏஞ்சல்ஸின் ஊரான அனஹைம் ரசிகர்களின் வயிற்றெரிச்சலில் நியாயம் இருக்கிறது. அதைப் புஜோல்ஸ் தலையில் இறக்குவதில் இல்லை.

இந்த ஆறு ஆண்டையும் ஏழாக இழுக்க அணிகள் செய்கிற வேலையைக் கேளுங்கள். 2015 வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் சிகாகோ கப்ஸ் அணியின் கிரிஸ் பிரையன்ட் ஒன்பது ஹோம் ரன் அடித்தார். அவரைவிட அதிகம் அடித்தவர் யாருமில்லை. ஆனாலும் ஃபீல்டிங் இன்னும் தேற வேண்டும் என்று சொல்லி மைனர் லீக்குக்கு அனுப்பினார்கள். ஏப்ரல் 17-ல் திரும்பக் கூப்பிட்டார்கள். ஒரு சேவை ஆண்டுக்கு 172 நாள் வேண்டும். அவர் கணக்கில் விழுந்தது 171. ஒரே ஒரு நாள்! அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் அவர், அடுத்த ஆண்டின் சிறந்த வீரர் அவர், கப்ஸ் 108 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பையைத் தூக்கியதும் அவரை வைத்துத்தான். வீரர்கள் சங்கத்தின் மூலம் முறையிட்டார். 2020-ல் தள்ளுபடி ஆனது. ஓராண்டு தாமதமாக, 30 வயதில், கொலராடோ ராக்கீஸிடம் 7 ஆண்டுக்கு 18.2 கோடிக்குக் கையெழுத்திட்டார். முதுகு போய்விட்டது. முதல் நான்கு சீசனும் சேர்த்து ஆடியது 170 ஆட்டம். இப்போது அவரையும் தண்டச் சம்பளம் என்று திட்டுகிறார்கள். அந்த 171-ஐப் பற்றிப் பேச ஆளில்லை.

சங்கத்தையும் விட்டுவிட முடியாது. அணி விற்றால் விலைபோக நான் சரக்கல்ல என்று 1969-ல் எழுந்து நின்ற கர்ட் ஃப்ளட், புஜோல்ஸின் அதே கார்டினல்ஸ் அணிக்காரர். 1972-ல் உச்ச நீதிமன்றத்தில் 5-3 என்று தோற்று, ஆட்ட வாழ்க்கையையே இழந்தார். 1975 டிசம்பரில் நடுவர் பீட்டர் சைட்ஸ் கொடுத்த தீர்ப்புதான் ஃப்ரீ ஏஜென்சிக்குக் கதவைத் திறந்தது. ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தால் விலை விழுந்துவிடும் என்று சங்கத் தலைவர் மார்வின் மில்லர் அஞ்சினார். ஆறு ஆண்டுக்கு ஒப்புக்கொண்டார். அன்றைக்குச் சாமர்த்தியமான பேரம்தான். அதன் சுமையை இன்று 22 வயதுப் பையன்கள் சுமக்கிறார்கள்.

ஒப்பந்தம் இவ்வளவு நீளமாக இருப்பதற்கு இன்னொரு காரணம் வரி. அணியின் மொத்தச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் லீக்குக்கு வரி கட்ட வேண்டும்; அதற்கு ஒப்பந்தத் தொகையை ஆண்டுகளால் வகுத்த சராசரியைத்தான் எடுத்துக்கொள்வார்கள். 2022 டிசம்பரில் சான் டியேகோ, 30 வயது சாண்டர் போகார்ட்ஸுக்கு 11 ஆண்டுக்கு 28 கோடி கொடுத்தது. அதை 7 ஆண்டில் கொடுத்திருந்தால் வரிக் கணக்கில் ஆண்டுக்கு 4 கோடி ஏறியிருக்கும். பதினொன்றாக நீட்டியதால் இரண்டரைக் கோடி சொச்சம். 40 வயதிலும் இவர் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) ஆடுவார் என்று சான் டியேகோவில் யாரும் நம்பி எழுதிய எண் அல்ல அந்தப் பதினொன்று.

எல்லாமே நஷ்டம் என்றும் நினைக்க வேண்டாம். வாஷிங்டன் நேஷனல்ஸ் 30 வயது மேக்ஸ் ஷெர்சருக்கு 7 ஆண்டுக்கு 21 கோடி கொடுத்தது. சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது இரண்டு, 2019 கோப்பை எல்லாம் கிடைத்தன. அதே அணி கோப்பை வென்ற கையோடு ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு 24.5 கோடி கொடுத்தது. அதன் பிறகு அவர் வீச முடிந்தது எட்டு ஆட்டம். பந்து வீசுகிறவனின் தோள் எப்போது விட்டுப்போகும் என்று முன்கூட்டிச் சொல்ல ஆளில்லை.

சரி, நீங்கள் கேட்ட தடை. 35-க்கு மேல் கூடாது என்று சட்டம் போட்டால் மிஞ்சும் பணம் இளைஞர்களுக்குப் போகும் என்று நினைக்கிறீர்களா? முதலாளி பையிலேயே தங்கும். 2022-ல் உரிமையாளர்களின் 99 நாள் கதவடைப்புக்குப் பிறகும் இளம் வீரர்களுக்கென்று கிடைத்தது ஆண்டுக்கு 5 கோடி டாலர் போனஸ் நிதி. அதைச் சுமார் 100 பேர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். உரிமையாளர்களும் வீரர்கள் சங்கமும் அப்போது போட்ட ஒப்பந்தத்தின் காலக்கெடு 2026 டிசம்பர் 1. ஃப்ரீ ஏஜென்சிக்கான ஆறு ஆண்டை நான்காக்கி, முதல் ஆண்டிலிருந்தே ஆட்டத்துக்குத் தக்க சம்பளம் கொடுக்க உரிமையாளர்கள் சம்மதித்தால், உங்கள் 35 வயதுத் தடைக்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆறு ஆண்டு அப்படியே இருக்கும்வரை போட மாட்டேன்.