வெளிநாட்டில் கார்டு மெஷின் ‘ரூபாயா, உள்ளூர்ப் பணமா?’ என்று கேட்டால் எதை அமுக்குவது?

உள்ளூர்ப் பணத்தைத்தான். சிங்கப்பூர்க் கடையில் கார்டைச் செருகியதும் சில மெஷின்களில் டாலரிலும் ரூபாயிலும் இரண்டு தொகை வரும். இதுதான் டைனமிக் கரன்சி கன்வர்ஷன். அதாவது, கடையிலேயே நம் ரூபாய்க்கு மாற்றிக் கணக்குப் போடுவது. டாலரை அமுக்கினால் விசா, மாஸ்டர்கார்டு போன்றவற்றின் மாற்று விலை. அதன்மேல் நம் வங்கியின் மார்க்-அப், அதாவது வங்கி கூடுதலாகப் பிடிக்கும் கட்டணம், பல கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம். ரூபாயை அமுக்கினால் கடைக்காரரின் வங்கியோ அதன் ஏஜென்சியோ வைத்ததுதான் விலை. லாபத்தில் பெரும்பாலும் கடைக்கும் பங்கு உண்டு. மண்டபக்காரரே சமையல்காரரைப் பிடித்துத் தருவது மாதிரி: அலைச்சல் மிச்சம், கமிஷன் நம் பில்லில். (சில கேஷியர்கள் கேட்காமலே ரூபாயைத் தட்டிவிடுவார்கள், பின் நம்பர் போடும் முன் திரையைப் பாருங்கள்.) ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும்.

ரூபாயில் கட்டினால் வங்கிக் கட்டணமே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். கடை வெளிநாட்டில் இருப்பதால் பல இந்திய வங்கிகள் அதற்கும் தனியாகப் பிடிக்கின்றன.